எல்லாத்துக்கும் 4007

எங்கள் வீட்டு மாடிப்படி பகல் பன்னிரண்டு மணிக்கே இருட்டு. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள், இரண்டு கட்டடங்களின் இடுக்கில் செருகி வைத்த மாதிரி இருக்கிறது அது. ஜன்னல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மூக்கில் இடிக்கும். இதைக் கட்டியவனை நான் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்க நிறைய இருக்கிறது.

ஆகவே படியில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும். எரிந்துகொண்டுதான் இருந்தது, தரைத்தளத்துக்காரர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும் வரை. படிக்கு அடியில் இருந்த பொது பிளக்கில் வண்டியை மாட்டி அவர் சார்ஜ் போட ஆரம்பித்தார். பொது மீட்டரின் பில் எகிறியது. உன் வண்டிக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்றன மற்ற குடித்தனங்கள். என் வண்டி ஒரு பல்பு அளவுக்குத்தான் சாப்பிடுகிறது என்றார் அவர். யாரும் கட்டவில்லை. மின்வாரியத்துக்காரர்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் மோட்டார் வீட்டுக்காரரின் தனி மீட்டரில் ஓடியதுதான் வினை. தண்ணீரும் நின்றிருந்தால் எல்லோரும் ஒரே நாளில் யோக்கியர்களாகி இருப்பார்கள். வெளிச்சம் இல்லாமல் மனிதன் எத்தனை மாதம் வேண்டுமானாலும் வீம்பு பிடிப்பான்.

என் அம்மா எங்களோடு மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அதற்கு முன் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் இருந்தாள். அங்கிருந்த வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்டபோது என் தம்பி குடும்பத்தோடு அங்கே போனான். அம்மா போகவில்லை. துணி மூட்டையையும் அரிவாள்மனையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். தினமும் காலையில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸில் ஏறி சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவாள். மீன் விற்கும் சிநேகிதியின் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருடைய யோக்கியதையையும் அலசிவிட்டு மத்தியானம் திரும்புவாள். நான் அதை வம்பு என்பேன். அவள் டூட்டி என்பாள்.

எங்கள் படி திரும்பும் இடங்களில் முக்கோணப் படிகள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கட்டைவிரல் வைக்கக்கூட இடமில்லை. கார்த்திகை மாதம் ஒரு காலை அம்மா அந்த மறுபக்கத்தில் கால் வைத்தாள். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, கை சரியாகிவிட்டது. ஆனால் அவள் இறங்கவில்லை. முதல் திருப்பம் வரை வருவாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், திரும்பி மேலே போய்விடுவாள். டூட்டிக்குப் போகாத அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு இருந்து பார்த்தால் தெரியும். என் சாம்பார், என் புருஷன், நான் துணி காயப்போடும் விதம் எல்லாமே சைதாப்பேட்டை மார்க்கெட்டில் அலசப்பட வேண்டியவை. இப்போது என் முகத்துக்கு நேரே அலசப்பட்டன.

தம்பி போனில் சொன்னான்: "தானா எறங்கி ஏற முடிஞ்சா அங்கியே இருக்கட்டும்க்கா. முடியலன்னா மே மாசம் புள்ளைங்களுக்கு லீவு உட்டதும் வந்து இட்டுகினு போறேன். எங்க பில்டிங்ல லிப்டு கீது."

"லிப்டு ஓடுதா?"

"ஓட சொல்ல ஓடும்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "ஒரு தபா தூக்கிப் போட்டானுங்க, நான் போல. இப்ப நீ வந்து தூக்கறியா? அங்க இன்னாடா கீது, காக்கா கூட பஸ் மாறி வருது." கத்திவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். நேராகப் போய்த் தன் அரிவாள்மனையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். அவள் பயந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

டார்ச் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே என்று என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் பேண்ட் போட்டவர்கள். புடவை கட்டி இறங்குகிறவளுக்கு ஒரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க, ஒரு கை சுவரைப் பிடிக்க. மூன்றாவது கை இருந்தால் டார்ச் வாங்கலாம். ஆள் வந்தால் தானாக எரியும் பேட்டரி விளக்கு ஒன்றை தி.நகர் நடைபாதையில் வாங்கி ஒட்டினேன். ஆள் வந்தது, எரிந்தது. ஆள் போகும்போது விளக்கும் கூடவே போய்விட்டது. எங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு தொங்கவிட்டேன். மறுநாள் அந்த ஒயரில் யாரோ ஒட்டுப் போட்டு செல்போன் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். திருடினாலும் எவனுக்கும் பயன்படாத கரண்ட் வேண்டும்.

நான் கிண்டிப் பக்கம் எல்.இ.டி. பல்பு செய்யும் ஒரு சின்ன பட்டறையில் ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் வேலை செய்கிறேன். திறந்தால் பாட்டுப் பாடும் பிறந்தநாள் அட்டை இருக்கிறதே, அதற்குள் ஒரு பித்தளை வில்லை இருக்கும். அதற்குக் கரண்ட் கொடுத்தால் சத்தம் போடும். அதையே அமுக்கினால் கொஞ்சம் கரண்ட் கொடுக்கும். கொஞ்சம் என்றால் கொசு மூத்திரம் அளவு. ஆனால் இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிய அது போதும். எனக்கு வெளிச்சம் வேண்டாம். அடுத்த படியின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்தால் போதும். இந்தப் படியை மிதித்தால் அடுத்த படியில் புள்ளி எரிய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வில்லையை மிதிக்கும்போது கரண்ட் ஒரு பக்கமாக வரும், காலை எடுக்கும்போது எதிர்ப் பக்கமாக வரும். அப்படியே விட்டால் வந்ததும் போனதும் கழிந்து ஒன்றும் மிஞ்சாது. ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடு நாலை ஒரு கட்டமாகக் கட்டினால், எந்தப் பக்கம் வந்தாலும் ஒரே வழியாக, கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டருக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து எல்.இ.டி.க்கு. எந்த டையோடு என்பதுதான் கேள்வி. இணையத்தில் வீடியோ பார்த்தேன். பனி கொட்டும் ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவன், சாதா சிலிக்கான் டையோடு தன் பங்குக்கு பூஜ்யம் புள்ளி ஏழு வோல்ட்டைத் தின்றுவிடும், ஷாட்கி டையோடு அதில் பாதிகூடத் தின்னாது, ஆகவே இந்த மாதிரி சின்னச் சின்ன கரண்டுக்கு ஷாட்கிதான் என்றான். இன்னும் நாலைந்து ஸ்வெட்டர்களும் அதையே சொன்னார்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்.

"டையோடு வேணும்," என்றேன்.

"4007 போடுங்க மேடம்."

"எதுக்குன்னு கேக்கவே இல்லியே?"

"இன்னாத்துக்கு கேக்கணும்? எல்லாத்துக்கும் 4007தான். சார்ஜருக்கு 4007, எமர்ஜென்சி லைட்டுக்கு 4007, சாமி படத்துக்குப் போடற சீரியல் செட்டுக்கு 4007."

"அது சாதா சிலிக்கான். புள்ளி ஏழு வோல்ட்டு தின்னும். கட்டத்துல ரெண்டு சேந்து ஒண்ணு புள்ளி நாலு."

"தின்னுட்டுப் போவுது, அதுக்கும் வயிறு கீது இல்ல?"

"ஷாட்கி குடுங்க."

அவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். ஏதோ நோயாளியைப் பார்ப்பது போல. "கீது. ஆனா 4007 போட்டா வேலை முடிஞ்சிது." எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேள்வியைக் கேட்காமலே பதில் சொல்கிறவனை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பிடிக்காது. ஒரு பை நிறைய ஷாட்கி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் புருஷன் வந்து உட்கார்ந்தார். அவர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"இன்னாமே இது, எலிப் புழுக்கை கணக்கா?"

"டையோடு. கரண்டுக்கு ஒன்வே."

"மெட்ராஸ்ல ஏதுமே ஒன்வே?" என்று ஆரம்பித்தார். "தி.நகர்ல பாரு. போலீஸ்காரு நடு ரோட்ல நிக்கிற வரிக்கும் ஒன்வே. வெயில் ஏறிச்சின்னா அவரு மரத்தாண்ட போய் நின்னுக்குவாரு. அப்பால அவனவன் எதிர்ல பூந்து பூந்து வருவான்."

"நீயும்தான வருவ?"

"நான் வர்லன்னா சவாரி இன்னா ஆவறது?"

போய்ச் சாப்பிடச் சொன்னேன்.

தை மாதம் முழுக்க வேலை செய்தேன். ஒரு படிக்கு இரண்டு பிளைவுட் பலகை, நடுவில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்த துண்டுகள், அவற்றின் மேல் வில்லைகள். ஒவ்வொரு வில்லைக்கும் தனியாக நாலு டையோடு, ஏனென்றால் எல்லா வில்லையும் ஒரே நேரத்தில் அமுங்காது. எல்லாப் படிக்கும் போடவில்லை. எங்கள் வீட்டு வாசலிலும் திருப்பங்களிலும் மட்டும். மிதித்தால் புள்ளி பளிச்சென்று வந்து, மெதுவாக மங்கி அணைந்தது. காலைக் குளிரில் தரையில் உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்த்துப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை. மாசியில் படியில் பொருத்தினேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "இன்னாடி இது, எவனோ பீடி குடிச்சிட்டுப் போட்டா மாதிரி கீது."

"கால் வைக்க எடம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப வாய மூடிக்கினு எறங்கு."

இறங்கினாள். முதல் திருப்பத்தில் நின்றாள். காலால் படியைத் தட்டினாள், அடுத்த படியில் புள்ளி வந்தது. அதை நோக்கிக் காலை வைத்தாள். கீழே போய்ச் சேர்ந்ததும் அவள் போட்ட சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது; தரைத்தளத்துக்காரரிடம் ஏதோ கெட்ட வார்த்தை. குணமாகிவிட்டாள் என்று அர்த்தம். மறுநாள் சைதாப்பேட்டைக்குப் போனாள்.

தரைத்தளத்துக்காரர் வந்து படியை மிதித்து மிதித்துப் பார்த்தார். மனிதன் பாராட்டப் போகிறான் என்று நினைத்தேன். "இத்த வெச்சி ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏத்த முடியுமா?" என்றார்.

பங்குனி வரை நன்றாக ஓடியது. சித்திரையில் மேல் திருப்பத்தின் புள்ளிகள் மங்க ஆரம்பித்தன. கத்திரி வெயில் பிறந்ததும் செத்துவிட்டன. வாசலும் மேல் திருப்பமும்தான். கீழே உள்ளவை எரிந்தன. ஆனால் அம்மாவுக்கு மேலே எரியாமல் கீழே எரிந்து என்ன பிரயோசனம்? மேல் திருப்பத்தில்தான் அவள் விழுந்தாள். பழையபடி அங்கே வந்து நின்று, தட்டிப் பார்த்து, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை என் சாம்பாரைக்கூடத் திட்டவில்லை. அந்த வாரம் தம்பி போன் செய்தான்: வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், துணியெல்லாம் கட்டி வை.

எனக்கு ஒரே ஒரு ஆள் மீதுதான் சந்தேகம். நேராகக் கீழே போய்த் தரைத்தளத்துக்காரரின் கதவைத் தட்டினேன்.

"எங்க ஒயர்ல கை வெச்சியா?"

"இன்னாம்மா ஒயரு? எனக்கு அதுல இன்னா வேலை?"

"சார்ஜ் ஏறுமான்னு கேட்டல்ல? ஏறலன்ன உடனே பிச்சிட்டியா?"

"உன் படியில ஒரு கொசுவுக்குக் கூட சார்ஜ் ஏறாது, அத்த நான் இன்னாத்துக்குப் பிக்கணும்?"

இந்தக் கடைசி வாக்கியத்தில் உண்மை இருந்ததால் கோபம் இன்னும் அதிகமானது. ஸ்கூட்டரில் ஆரம்பித்து, மொட்டை மாடிக் கொடியில் அவர் வீட்டுத் துணி பிடித்துக்கொள்ளும் இடம் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டாவது மாடியும் வந்து சேர்ந்துகொண்டது. அன்றைக்குச் சந்தே வந்து பார்த்தது.

மறுநாள் சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்தது. சுருக்கமான மழைதான், ஆனால் காற்று ஜில்லென்று மாறிவிட்டது. நான் வேலையிலிருந்து ஏறி வந்தேன். மேல் திருப்பத்தில் கால் வைத்தேன். புள்ளி எரிந்தது.

அப்படியே நின்றேன். தரைத்தளத்துக்காரர் மழைக்கு மனம் திருந்தி ஒயரை ஒட்டவைத்திருக்க வழியில்லை. மேல் திருப்பத்துக்கு நேர் மேலே மொட்டை மாடித் தகரக் கதவு. கத்திரியில் அதன் பக்கத்தில் முகத்தை வைக்க முடியாது. கீழே உள்ள படிகள் தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி இருக்கின்றன, எப்போதும் ஈரம், எப்போதும் குளிர்ச்சி. வெயில் ஏறினால் போலீஸ்காரர் மரத்தடிக்குப் போய்விடுவார் என்று என் புருஷன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. இத்தனைக்கும் அந்த ஆளுக்கு டையோடுக்கும் எலிப் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியாது.

படியிலிருந்து ஒரு பலகையைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோய்ப் பிரித்து வைத்தேன். அமுக்கினேன், எரிந்தது. சூடான இஸ்திரிப் பெட்டியை ஷாட்கி டையோடுகளின் பக்கத்தில் நகர்த்தினேன். எவ்வளவு அமுக்கினாலும் புள்ளி வரவில்லை. பட்டறையில் கழித்துப்போட்ட போர்டு ஒன்றிலிருந்து சாதா சிலிக்கான் டையோடுகளைப் பிய்த்து அந்த இடத்தில் வைத்து, மறுபடியும் இஸ்திரிப் பெட்டி. பிளாஸ்டிக் நாறியது. புள்ளி ஜம்மென்று எரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஷாட்கி கொஞ்சமாகத் தின்னும், ஆனால் எதிர்ப் பக்கம் ஒழுகும். சூடு ஏற ஏற இன்னும் ஒழுகும். ஒரு படியில் இத்தனை வில்லை, ஒவ்வொன்றுக்கும் நாலு டையோடு, அத்தனையும் சேர்ந்து ஒழுகினால் கொசு மூத்திரத்தில் என்ன மிஞ்சும்? மிதித்தால் வில்லை பத்து இருபது வோல்ட் சாதாரணமாகத் தூக்கும். அதில் ஒண்ணு புள்ளி நாலு போனால் போகட்டும். வோல்ட்டைச் சேமிக்கப் போய்க் கரண்டைத் தொலைத்திருக்கிறேன். ஸ்வெட்டர் போட்டவன் பொய் சொல்லவில்லை. அவன் ஊரில் தகரக் கதவின் மேல் கத்திரி வெயில் அடிக்காது, அவ்வளவுதான்.

ஆக, அந்தக் கடைக்காரர் சொன்ன 4007ஐப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் தெரிந்தா சொன்னார்? சோம்பேறித்தனத்தில் சொன்னார். வீடு கட்டுகிறேன் என்று போனாலும் 4007 போடச் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை மறுபடியும் ரிச்சி தெரு. வேறு கடைக்குப் போகலாம்தான், ஆனால் பயந்து ஒதுங்கின மாதிரி ஆகிவிடும்.

"டையோடு," என்றேன்.

"4007 போடுங்க மேடம்," என்றார், தலையைத் தூக்காமல்.

"4148 குடுங்க."

அது கண்ணாடியில் செய்த குட்டி சிலிக்கான் டையோடு. இந்த வேலைக்கு 4007ஐவிடக் கொஞ்சம் மேல், ஒழுகவே ஒழுகாது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டது. 4007ஏ போதும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் கையிலிருந்து 4007 வாங்குவதற்குப் பதில் நான் தகரக் கதவில் முகத்தை வைப்பேன்.

"4148ஆ? அதுக்கு 4007ஏ போடலாமே."

"பொட்டலம் கட்டுங்க."

அன்றைக்கு வீட்டில் சோறு வடிக்கவில்லை. புருஷன் இட்லி வாங்கி வந்தார், ஷாட்கியைப் பிய்த்துப் போட்டார், நான் புதியதை வைத்துச் சால்டரிங் செய்தேன். பொழுது சாயும்போது வாசலும் மேல் திருப்பமும் முடிந்தன. அம்மா கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அவளுடைய துணி மூட்டை பக்கத்தில் இருந்தது. கட்டியது நான் இல்லை.

"நாளைக்கு வெயில்ல எரியும்," என்றேன்.

"போன தபாவும் எரியும்னுதான சொன்ன?"

மூட்டையின் முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.  

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் உச்சியில் இருக்கும்போது தம்பி வந்தான். தெரியாத கட்டடத்தின் படி தன் காலடியில் சிவப்பாக எரிவதைப் பார்த்து "ஐயோ" என்று கத்திக்கொண்டே ஏறி வந்தான். கையில் அம்மாவின் துணிக்கு ஒரு பெரிய பை. அவன் கத்தியதைக் கேட்டு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். தலை வாரினாள். நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டினாள்.

"கெளம்பிட்டியாமா?" என்றான் அவன், சந்தோஷமாக.

"கெளம்பிட்டேன்டா."

கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தாள், மறு கையால் சுவரைத் தொட்டாள். வாசல் பலகையை மிதித்தாள். புள்ளி வந்தது. தகரக் கதவிலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் திருப்பத்தில் நின்றாள்.  காலால் தட்டவில்லை அவள், நேராக மிதித்தாள். முக்கோணப் படியின் அகலமான பக்கத்தில் புள்ளி எரிந்தது, அதை மிதித்தாள், அடுத்தது எரிந்தது. தம்பி பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கினான்.

நான் முன்பக்க ஜன்னலுக்கு ஓடினேன். தம்பி கொண்டுவந்த ஆட்டோ சந்து முனையில் நின்றது. அம்மா அதைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் போனாள். தம்பி ஆட்டோவுக்கும் அவளுக்கும் நடுவில் காலிப் பையோடு நின்று, "யம்மா, வண்டி இங்க கீது, யம்மா" என்று கத்திக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து என் மாமியார் கொடுத்தனுப்பிய நன்னாரி சர்பத்தை இரண்டு டம்ளர் குடித்தான். 

சாயங்காலம் அம்மா வந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய நெத்திலிக் கருவாடு. படி முழுக்க நாறியது. பொட்டலத்தைத் தம்பியின் பைக்குள் போட்டாள்.

"இத்த எட்த்துகினு போ. உன் பொண்டாட்டிய தக்காளி கம்மியா போடச் சொல்லு."

அவன் கிளம்பினான். கொஞ்ச நேரமாகியும் அவன் கீழே போய்ச் சேரும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தோம். மேல் திருப்பத்தில் நின்றுகொண்டு, ஒரே படியில் காலை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். புள்ளி வந்து மங்கி வந்து மங்கி அவன் கணுக்காலில் விழுந்தது.

அம்மா மேலிருந்து குரல் கொடுத்தாள்.

"தேஞ்சிடப் போவுதுடா, எறங்கு."